வாசலுக்கு ஓர் அலுமினிய கேனோபி: சேலத்திலும் ஏற்காட்டிலும் முதன்முறை செய்பவர்களுக்கு

சேலத்தில் புதிதாகக் கடையோ கிளினிக்கோ கட்டி முடித்தவர்கள் கேனோபிக்காக, அதாவது வாசலுக்கு மேல் சுவரிலிருந்து நீளும் சின்னக் கூரைக்காக, ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் செல்போனில் ஒரு படம் இருக்கும். "இதே மாதிரி எங்க வாசலுக்கும் வேணும், சதுர அடி என்ன ரேட்?" என்பதுதான் முதல் கேள்வி. படத்தில் கேனோபி தெரியும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுவருக்குள் என்ன இருக்கிறது, மேலே விழும் மழை எந்த வழியாக இறங்குகிறது என்பதெல்லாம் தெரியாது. ஒரு கேனோபி பல வருடம் நிற்பதும் இரண்டாவது கோடை மழையிலேயே தொங்கிப்போவதும் அந்த இரண்டைப் பொறுத்துத்தான். அதனால் இங்கே சுவருக்கும் தண்ணீருக்கும்தான் அதிக இடம். நிறமும் டிசைனும் பிறகு.

வாசலில் நின்று பார்ப்பது

அளவுநாடாவை எடுப்பதற்கு முன்னால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். சேலத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரம் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை மதிய வெயில் சற்று வடக்கிலிருந்து விழும். வடக்கு வாசலுக்கு வெயில் கிடையாது என்று நினைப்பவர்கள் மே மாதத்தில் ஆச்சரியப்படுவது இதனால்தான். ஆனால் அது செங்குத்தான வெயில், 3 அடி நீட்டமே மறைத்துவிடும். மேற்கு வாசல் வேறு. மாலை 4 மணி வெயில் தாழ்ந்து உள்ளே வரும், கேனோபியை 6 அடி நீட்டினாலும் அது நிற்காது. அங்கே முன்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் அலுமினியப் பட்டைகள்தான் பயன்படும். நீட்டத்தைக் கூட்டுவது காசுக்குக் கேடு.

மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கிறது என்பதைச் சுவரே சொல்லும். பாசியும் கறையும் எங்கே அதிகமோ, அந்தப் பக்கம் கேனோபியைக் கதவின் விளிம்பிலிருந்து ஒன்றரை அடியாவது கூடுதலாக நீட்டுங்கள்.

உயரம் பலர் யோசிக்காத விஷயம். 9 அடி உயரத்தில் 4 அடி நீட்டிய கேனோபி, 45 பாகை சாய்ந்து அடிக்கும் மழையில் சுவரின் மேல் 4 அடியைத்தான் காப்பாற்றும். கீழே 5 அடி நனையும், அதாவது கதவில் பாதிக்கு மேல். அதே கேனோபியை 8 அடிக்கு இறக்கினால் செலவே இல்லாமல் இன்னும் ஓர் அடி காய்ந்திருக்கும். தலைக்கு மேல் 7 அடி தடையில்லாமல் கிடைத்தால் மனிதர்களுக்குப் போதும். ஆம்புலன்ஸோ சரக்கு வண்டியோ வந்து நிற்கும் இடமென்றால் அந்த வண்டியின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கடையாக இருந்தால் ரோலிங் ஷட்டரின் உருளைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேனோபி அதை மூடிக்கொண்டால், ஸ்பிரிங் அறுந்த அன்றைக்கு கேனோபியைக் கழற்றித்தான் ஷட்டரைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஏற்காட்டில் கணக்கு மாறும். 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிடக் கூடுதல் மழை, மேட்டுவிளிம்பில் இருக்கும் கட்டிடங்களில் கீழிருந்து மேலே ஏறி அடிக்கும் காற்று. வெயிலுக்காக அங்கே யாரும் கேனோபி போடுவதில்லை. சாரலுக்கும் பனிமூட்டத்தின் ஈரத்துக்கும்தான். ஆகவே நீட்டம் குறைவாகவும், பக்கவாட்டு மறைப்பு கூடுதலாகவும், சரிவு அதிகமாகவும் இருக்கட்டும்.

அனுமதியும் மின்கம்பியும்

உங்கள் எல்லைக்குள் நிற்கும் வரைதான் அது உங்கள் கேனோபி. சாலைக்கோ சாக்கடைக்கோ மேலே நீண்டதை மாநகராட்சி ஆக்கிரமிப்பு என்று எடுத்துவிடலாம். கட்டிட அனுமதி வரைபடத்திலேயே கேனோபியைக் காட்டிவிடுவது நல்லது. ஏற்காட்டில் மலைப்பகுதிக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் தொடங்க வேண்டாம். வாசல் முன்னால் மின்கம்பி போனால், வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பியானாலும் 11 கிலோவோல்ட் கம்பியானாலும், பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது தூக்கிப் பிடிக்கும் 12 அடி அலுமினியப் பைப்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

சுவர் எவ்வளவு தாங்கும்

10 அடி அகலம், 4 அடி நீட்டம் உள்ள கேனோபி, மேலே பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட்) போட்டால் 50 கிலோவுக்குள் அடங்கிவிடும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். அந்த லேசான எடைதான் ஆபத்து. காற்றுக்கு அது ஒரு பாய்மரம்.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதன் அடிப்படைக் கணக்கு எளிமையானது: காற்றின் வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 30 மீட்டர் காற்றென்றால் 540 நியூட்டன். சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ. நம் 40 சதுர அடிக் கேனோபி 3.7 சதுர மீட்டர். ஆக, 50 கிலோ எடையுள்ள பொருளை 200 கிலோ விசை மேலே தூக்குகிறது, அல்லது கீழே அழுத்துகிறது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் காகிதக் கணக்காகத் தோன்றாது. வடிவத்தைப் பொறுத்து இந்த எண் இன்னும் கூடும். 5 அடிக்கு மேல் நீட்டமோ, முதல் மாடிக்கு மேல் உயரமோ என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது சுவருக்கு வருவோம். 200 கிலோ அழுத்தம் சுவரிலிருந்து சராசரியாக 2 அடி தள்ளி வேலை செய்கிறது. சுவரில் பதியும் பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 1 அடி இருந்தால், மேல்வரிசை போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தம் 400 கிலோ. அந்த இடைவெளியை அரை அடியாகக் குறைத்தால் 800 கிலோ. கேனோபி நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று பிராக்கெட்டைச் சின்னதாக்கச் சொல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சின்ன பிராக்கெட் கேட்டால் மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் தாங்கு கம்பி வேண்டும். அந்தக் கம்பியும் எவர்சில்வர் கயிறாக இருக்கக் கூடாது. கயிறு கீழே விழாமல் பிடிக்கும். காற்று மேலே தூக்கும்போது தளர்ந்துவிடும். கெட்டியான பைப்பாகவோ ராடாகவோ போடுங்கள்.

போல்ட் எதில் பிடிக்கிறது என்பது அடுத்த கேள்வி. லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலுள்ள குறுக்குக் கான்கிரீட்), பீம், காலம் (தூண்) ஆகிய கான்கிரீட் உறுப்புகள்தான் நம்பகமானவை. பூச்சுக்குள் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால் சின்ன டிரில் பிட்டால் ஒரு துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல், சாம்பல் தூளும் டிரில்லுக்கு எதிர்ப்பும் இருந்தால் கான்கிரீட், கொஞ்ச தூரம் போனதும் டிரில் சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். கான்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் (முடுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிப்பது) 75 மி.மீ.க்குக் குறையாமல் இறங்க வேண்டும். மேலே இருக்கும் பூச்சின் 15, 20 மி.மீ. இதில் சேராது. விளிம்பிலிருந்து 4 அங்குலமாவது உள்ளே தள்ளித் துளையிடுங்கள், இல்லையென்றால் முடுக்கும்போதே கான்கிரீட் பிளந்துவிடும். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் போல்ட்டை இறக்கினால் பிடிமானம் குறையும். அரை நிமிட வேலை இது, நிறைய இடங்களில் செய்வதில்லை.

ஹாலோ பிளாக்கில் ஆங்கர் போல்ட் வேண்டவே வேண்டாம். சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு போடுங்கள். ஏற்காட்டின் பழைய கல் பங்களாக்களில் கல் உறுதியாக இருக்கும், கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் காரை உதிரும். இணைப்பில் போடாமல் கல்லின் நடுவில் துளையிட்டு கெமிக்கல் ஆங்கர் (பசையால் பிடிக்கும் போல்ட்) வையுங்கள். குளிர்ந்த இடத்தில் அந்தப் பசை இறுக நேரம் அதிகம் பிடிக்கும், டியூபில் எழுதியிருக்கும் வெப்பநிலை அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சுமை ஏற்றுங்கள்.

சுவர் எதற்குமே லாயக்கில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. முன்னால் இரண்டு தூண் நிறுத்தலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் கான்கிரீட் அடித்தளம் ஒன்று சுமார் 230 கிலோ எடை. இரண்டும் சேர்ந்தால் நம் அளவு கேனோபியைக் காற்று தூக்காமல் பிடித்துக்கொள்ளும்.

அலுமினியச் சட்டகம்

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமாக உருகிய காலம் உண்டு. நம் மண்ணுக்குப் பழக்கமான உலோகம்தான். ஆனாலும் இரும்பில் வேலை செய்து பழகியவர்கள் அலுமினியத்துக்கு வரும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். எடையில் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்குதான். ஒரே அளவுப் பைப்பில் ஒரே சுமையைத் தொங்கவிட்டால் அலுமினியம் மூன்று மடங்கு வளையும். அதற்கு மருந்து, பைப்பின் உயரத்தைக் கூட்டுவது. 2 அங்குல உயரத்துக்குப் பதில் 4 அங்குல உயரப் பெட்டிப் பைப் போட்டால் விறைப்பு பல மடங்கு ஏறும்.

சுவர்க்கனத்தில் ஏமாறாதீர்கள். அலுமினியப் பைப் கிலோ கணக்கில் விற்பது, ஆனால் உங்களிடம் சதுர அடிக்குத்தான் விலை சொல்வார்கள். அந்த இடைவெளியில்தான் மெல்லிய பைப் நுழைகிறது. 100-க்கு 50 மி.மீ. பைப், 2 மி.மீ. கனம், 12 அடி நீளம் என்றால் ஏறக்குறைய 5.8 கிலோ இருக்கும். 1.2 மி.மீ. கனம் என்றால் 3.5 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சரக்கு வந்து இறங்கும்போது ஒரு பைப்பைத் தராசில் வைத்துப் பாருங்கள், வாக்குவாதமே தேவையில்லை. கலவை 6063, டி5 அல்லது டி6 பதம் (உலோகத்தை எவ்வளவு கெட்டியாக்கியிருக்கிறார்கள் என்பதன் குறியீடு) என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இணைப்புகளை முடிந்தவரை கிளீட்டும் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் எல் வடிவத் துண்டு) போல்ட்டுமாகச் செய்யுங்கள். ஆர்கான் வெல்டிங் பார்க்க அழகு, ஆனால் பதம் ஏற்றிய அலுமினியத்தில் வெல்டிங்கைச் சுற்றி ஓர் அங்குல அளவுக்குப் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சுவரோரம், அதாவது விசை அதிகமாக இருக்கும் இடத்தில், வெல்டிங்கை நம்புவது தவறு. பாப் ரிவெட்டும் தகடு பிடிக்கத்தான், சட்டத்தைப் பிடிக்க அன்று.

திருகுகளும் போல்ட்டுகளும் 304 கிரேடு எவர்சில்வர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கே பெயர்போன ஊரில் நாகம் பூசிய இரும்புத் திருகு போட்டு மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. இரும்பு பிராக்கெட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், இடையில் ரப்பர் அல்லது நைலான் தகடு வையுங்கள். ஏற்காட்டுப் பனியில் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

நீளமான கேனோபிக்கு விரிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரவுக்குளிரிலிருந்து கோடை மதியம் வரை உலோகத்தின் சூடு 40 பாகை மாறினால் 20 அடிப் பைப் ஐந்தரை மி.மீ. நீளும். ஒரு முனையை இறுக்கி, மறு முனைக்கு நீள்துளை கொடுங்கள்.

ஏற்காட்டில் வேலை என்றால் பைப்பின் நீளத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து முடிவு செய்யுங்கள். சிறு வண்டியில் 12 அடித் துண்டுகள் சிரமமில்லாமல் ஏறும். முழுக் கேனோபியைக் கீழே பூட்டி மேலே கொண்டுபோவதைவிட, துண்டுகளை எண் போட்டு எடுத்துப்போய் அங்கே பூட்டுவது நல்லது.

மேற்கூரைக்கு என்ன போடலாம்

வீட்டு வாசலுக்கு பாலிகார்பனேட் போதும். புற ஊதாக் காப்புப் பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய படலத்தில் அச்சிட்டிருக்கும், படலத்தை உரித்த பிறகு கண்டுபிடிக்க முடியாது. உள்ளே குழல்கள் உள்ள ஷீட் என்றால் குழல்கள் சரிவின் போக்கிலேயே ஓட வேண்டும். மேல்முனையை அலுமினிய டேப்பால் மூடி, கீழ்முனைக்குக் காற்றுப் போகும் துளையுள்ள டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் உள்ளே பாசி பிடிக்கும். இந்த ஷீட் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும், ஆகவே திருகுத் துளை திருகைவிடப் பெரிதாக இருக்கட்டும். ஏற்காட்டில் குரங்குகள் குதிக்கும் இடங்களில் குழல் ஷீட் தாங்காது. கெட்டி பாலிகார்பனேட்டோ அலுமினியத் தகடோ போடுங்கள்.

ஏசிபி ஷீட், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிடித்தது. எந்த நிறமும் கிடைக்கும், பெயர்ப்பலகையோடு ஒட்டிப்போகும். வாங்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: நடுவிலுள்ள பிளாஸ்டிக் தீ தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண பாலிஎத்திலீன் நடுப்பகுதி எரியும், உருகிச் சொட்டும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டிடத் தீயில் 72 பேர் இறந்தார்கள், தீ அவ்வளவு வேகமாகப் பரவ அப்படிப்பட்ட ஷீட்டே முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உங்கள் கேனோபி இருப்பது, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஓடிவரும் வாசலுக்கு நேர் மேலே.

கண்ணாடி வேண்டுமென்றால் லேமினேட் செய்த (நடுவில் படலம் வைத்து ஒட்டிய) டஃபன்டு (சூடாக்கிக் கெட்டியாக்கிய) கண்ணாடி மட்டும். வெறும் டஃபன்டு கண்ணாடி, உள்ளே நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால் ஒருநாள் தானாகவே நொறுங்கலாம். லேமினேட் ஆகியிருந்தால் உடைந்தாலும் தலையில் விழாது. 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ என்பதால் சுவர்க் கணக்கை மறுபடி போட வேண்டும். துளைகளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், டஃபன் ஆன பிறகு துளையிட முடியாது.

தண்ணீரை அனுப்பும் வழி

பாலிகார்பனேட்டுக்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வையுங்கள். தட்டையாகத் தெரியும் ஏசிபி கேனோபிக்கும் உள்ளே அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருந்தே ஆக வேண்டும். ஏற்காட்டில் இரண்டு சரிவையும் இன்னும் அதிகமாக்கிக்கொள்ளுங்கள்.

சரிவு எந்தப் பக்கம்? முன்பக்கம் விட்டால் வாடிக்கையாளர் தலையில் சொட்டும், அதனால் முன்விளிம்பில் சின்ன வாய்க்கால் வேண்டும். சுவர்ப்பக்கம் விட்டால் முகப்பு சுத்தமாக இருக்கும், ஆனால் இணைப்பில் ஒரு தவறு நடந்தாலும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் முன்பக்கச் சரிவையே சொல்வேன். மணிக்கு 50 மி.மீ. மழையில் நம் 40 சதுர அடி மட்டும் 185 லிட்டர் தண்ணீர் கொடுக்கும். மேலே உள்ள சுவரில் அடித்து வழிவதும் இதோடு சேரும். இரண்டரை அங்குலக் குழாய்க்குக் குறைய வேண்டாம். வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் வெளியே வழிய ஒரு மாற்றுத்துளையும் வையுங்கள். காபித் தோட்டப் பக்கம் சில்வர் ஓக் இலைகள் குழாயை அடைக்கும், குழாயின் வாய்ப்பகுதியில் கம்பிவலைக் கூடை தேவை.

சுவரும் கேனோபியும் சேரும் கோட்டில்தான் பெரும்பாலான ஒழுகல். சிலிக்கானை மட்டும் பூசினால் சில வருடத்தில் விட்டுவிடும். பூச்சில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அதற்குள் அலுமினியத் தகட்டை மடித்துச் செருகி, கீழே கேனோபியின் மேல் 4 அங்குலம் படியவிட்டு, காடியை வெதர் சிலிக்கானால் அடையுங்கள். நியூட்ரல் வகையையே கேட்டு வாங்குங்கள். புளித்த வாடை அடிக்கும் மலிவான சிலிக்கான் சிமெண்டில் ஒட்டாது, பாலிகார்பனேட்டையும் கெடுக்கும்.

பூச்சும் பொருத்துவதும்

வெட்டுவது, துளையிடுவது, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே பவுடர் கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும். 60 முதல் 80 மைக்ரான் கனம் கேளுங்கள். சேலம் வெயிலுக்கு வெளிர் நிறங்கள் நல்லவை, கருநிறம் சூட்டை இழுத்துக் கீழே இறக்கும்.

பொருத்தும் நாளுக்கு முன்பே சுவர்ப்பூச்சும் பெயிண்டும் முடிந்திருக்க வேண்டும். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தில் பட்டால் அழியாத வெள்ளைத் தழும்பு விழும். சுவர் நேராக இருக்கும் என்று நம்பாமல், இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். வளைவு இருந்தால் பிராக்கெட்டுக்குப் பின்னால் தகடு வைத்துச் சமன் செய்யுங்கள். டியூப் லெவல் பிடித்துத்தான் பிராக்கெட் கோட்டைக் குறிக்க வேண்டும், ஜன்னலையோ டைல்ஸையோ பார்த்துக் குறிக்கக் கூடாது. ஓரங்களை இறுக்கும் முன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று பாருங்கள்.

விளக்குக்கான ஒயரை மேற்கூரை மூடுவதற்கு முன்பே இழுத்துவிடுங்கள். ஐபி65 (தூசும் தண்ணீரும் புகாத) விளக்கு, எர்த் இணைப்பு, அந்தச் சுற்றுக்கு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), மூன்றும் கட்டாயம். சட்டம் முழுவதும் மின்சாரம் கடத்தும் உலோகம், மழையில் நனைந்த கைதான் அதைத் தொடப்போகிறது. செம்பு எர்த் கம்பியை அலுமினியத்தில் நேராக முறுக்காமல், வெள்ளீயம் பூசிய லக் (கம்பி முனையில் பூட்டும் வளையம்) வைத்து எவர்சில்வர் போல்ட்டில் இறுக்குங்கள்.

வேலை முடிந்ததும் பாதுகாப்புப் படலத்தை உடனே உரித்துவிடுங்கள், வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தால் பசை இறுகிப்போகும். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் மாடியிலிருந்து ஹோஸ் பைப்பில் கால்மணி நேரம் தண்ணீர் விட்டு, கீழே நின்று சுவர் இணைப்பையும் ஒவ்வொரு திருகையும் பாருங்கள். பிராக்கெட் போல்ட்டுகளில் ஒரு கோடு வரைந்து வையுங்கள், சுவரிலும் நட்டிலும் சேர்ந்து விழும்படி. ஒவ்வொரு வருடமும் மார்ச்சில், கோடைக்காற்று தொடங்கும் முன் ஏணி போட்டு ஏறி, அந்தக் கோடு விலகியிருக்கிறதா, வாய்க்காலில் இலை அடைத்திருக்கிறதா, சிலிக்கான் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு இறங்குங்கள். மேக்னசைட் சுரங்கப் பக்கம் கருப்பூர் வட்டாரத்தில் இருப்பவர்கள் தூசு படிவதைப் பொறுத்து இதைக் கூடுதலாகச் செய்யலாம். ஆசிட் கலந்த தரை கழுவும் திரவம் மட்டும் வேண்டாம், பவுடர் கோட்டிங் மங்கிவிடும்.